கால்சாவை வதிவிடமாகக் கொண்டவர்

கிளறா ஐந்தாம் தரம் போய் வாகன லைசென்ஸ் எடுத்த நாளில்தான் பெட்டிப் புனிதரின் புகழ் பரவத் தொடங்கியது. நாலு தரம் எழுத்துச் சோதனையில் விழுந்தவள் ஐந்தாம் தரம் எப்படித் தப்பினாள்? படித்தாள் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. புருசன் வலன்ரைனுக்கே வரவில்லை. கடைசியில் கிளறாவே காரணத்தைச் சொன்னபோது எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பலெர்மோவின் பழைய பகுதியான கால்சாவில் அவள் வேலை செய்கிற சிஞ்ஞோரா ஒர்தென்சியாவின் வீட்டில், படிப்பறை அலுமாரிக்கு மேலே, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புனிதரின் மண்டையோடு இருக்கிறது. அவரிடம் கேட்டாள், அவர் கொடுத்தார்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பலெர்மோவில் எலும்பு கும்பிடாதவர் யார்? ஊரின் பாதுகாவலி சாந்தா ரொசாலியாவின் மலைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறுகிற நம்மவரில் பாதிப் பேர் நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவக்காரர். எந்தப் பழைய கோவிலுக்குள் நுழைந்தாலும் ஒரு மூலையில் யாருடையவோ விரலோ தாடையோ பட்டுத் துணியில் படுத்திருக்கும். மன்னார்ப் பேசாலையில் ஞானஸ்நானம் பெற்ற ஒருத்தி, இந்த ஊரில் ஒரு பெரிய வீட்டில், பித்தளைப் பூட்டுப் போட்ட பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட்டில் ஒரு தலையைக் கண்டால் வேறென்ன நினைப்பாள்? பக்கத்தில் பழுப்பேறிய சீட்டொன்றில் ஏதோ கிறுக்கியிருந்தது. புனிதரின் வரலாறாக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஒன்பது வருசம். ஒவ்வொரு செவ்வாயும் பெட்டியைத் திறந்து, சிஞ்ஞோரா கொடுத்த மென்தூரிகையால் நெற்றியைத் துடைத்து, பல்லிடுக்குத் தூசியைத் தட்டி, சிலுவை போட்டு மூடுவாள். முதல் செவ்வாயே சிஞ்ஞோரா அதைக் கண்டு சிரித்தாள். நல்ல மனுசி, பக்தியைக் கண்டு மகிழ்கிறாள் என்று கிளறா நினைத்துக்கொண்டாள்.

லைசென்ஸுக்குப் பிறகு வேண்டுதல் சீட்டுகள் வரத் தொடங்கின. வேலைக் கொந்த்ராத்தோ வேண்டும், முட்டுவலி மாற வேண்டும், மகளுக்கு நல்ல இடம் வர வேண்டும். எல்லாவற்றையும் கிளறா வெல்வெட்டுக்குக் கீழே செருகிவிடுவாள். பிரான்காச்சோவிலிருந்து வருகிற கனகேஸ்வரி மட்டும் பதினேழு சீட்டுக் கொடுத்திருந்தாள். அவற்றில் ஆறு, மேல்வீட்டுக்காரன் வீடு மாறிப் போகவேண்டும் என்பதற்காக. அவன் இன்னும் மேல்வீட்டில்தான் இருக்கிறான். ஆனால் புனிதர்மேல் அவளுக்குக் குறையில்லை.

இந்த வசந்தத்தில் சிஞ்ஞோரா வீட்டை விற்க முடிவெடுத்தாள். கால்சாவில் இப்போது யார்தான் விற்கவில்லை? வாங்குகிறவர்கள் ஐந்து அறையையும் பத்து அறையாக்கி உல்லாசப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவார்கள். சாமான்களை மதிப்பிட ஒரு புதன்கிழமை காலை ஒரு பெண் வந்தாள். மூக்குக் கண்ணாடி, பருத்திக் கையுறை, சிரிப்பே இல்லாத முகம். தளபாடம், வெள்ளி, படங்கள் எல்லாம் எழுதி முடித்து, படிப்பறைக்கு வந்து பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"இது எங்கையிருந்து வந்தது?"

"என்ர மனுசன்ரை பாட்டன் கொண்டு வந்தது. படை வைத்தியர். எரித்திரியாவிலை இருந்தவர். அவற்ரை கொப்பியும் எங்கையோ கிடக்கு" என்றாள் சிஞ்ஞோரா, பழைய சாடி ஒன்றைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

கொப்பி கிடைத்தது. அறை இருட்டு என்பதால் கிளறா மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பெண் பழுப்புச் சீட்டிலிருந்த பதினாலு என்ற இலக்கத்தைப் பார்த்து, கொப்பியில் பதினாலைத் தேடி, சத்தமாக வாசித்தாள். வாசிக்கிறோமே, விளக்குப் பிடிக்கிறவளுக்கும் காது இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றவில்லை.

குனாமா இனத்து ஆண். வயது சுமார் இருபது. காஷ் ஆற்றங்கரை, 1898. அதிகாரிகளின் சுமை தூக்க மறுத்தவன். நாற்பது கசையடி. மூன்றாம் நாள் இறப்பு. தலை அன்றே எடுக்கப்பட்டது. தாய் இரண்டு நாள் வாசலில் நின்று உடலைக் கேட்டாள், திருப்பி அனுப்பப்பட்டாள். பற்கள் மிக நேர்த்தி.

கிளறா விளக்கைக் கொப்பியிலிருந்து பெட்டிப் பக்கம் திருப்பினாள்.

"சிஞ்ஞோரா, அப்ப இவர் புனிதர் இல்லையோ?"

சிஞ்ஞோரா அப்போது சிரித்தாளே ஒரு சிரிப்பு! தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. "பாருங்கோ" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள், "ஒன்பது வருசமா இவள் இதுக்குச் சிலுவை போடுறவள்! சீட்டெல்லாம் வைக்கிறவள்! நானும் சினேகிதியளும் காட்ஸ் விளையாடேக்கை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறனாங்கள். இல்லையடி கிளறா, இது ஒரு ஆபிரிக்கன், அவ்வளவுதான்."

கையுறைக்காரி சிரிக்கவில்லை. இதை விற்க முடியாது, சட்டப்படி உரிய இடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றாள். சிஞ்ஞோராவுக்கு முகம் மாறியது. அறிவித்தால் பத்திரிகை வரும், பத்திரிகை வந்தால் வாங்க வருகிறவன் ஓடிவிடுவான். "நீங்கள் காணேல்லை எண்டு வையுங்கோ" என்றாள். அந்தப் பெண் கையுறையைக் கழற்றி, பையில் போட்டு, "நான் தளபாடத்துக்குத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். படித்தவர்கள் இப்படித்தான். சரியானதைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கதவு சாத்திய பிறகு சிஞ்ஞோரா குரலைத் தணித்தாள். "வெள்ளிக்கிழமை ஆக்கள் வீடு பார்க்க வருகினம். நாளைக்கு இதை ஒரு கறுப்புப் பையிலை சுத்தி, உடைச்சு, குப்பையோடை போட்டுவிடு."

"உடைச்சோ?"

"முழுசாத் தெரிஞ்சா ஆரும் பயந்திடுவினம்."

கிளறா விளக்கை மேசையில் வைத்தாள். மறுக்காததற்குக் காரணம் இருந்தது. அடுத்த மாதம் அவளுடைய பெர்மெஸ்ஸோ, நாட்டில் நிற்கிற அனுமதி, முடிகிறது. புதுப்பிக்க இந்த வீட்டு வேலைக் கொந்த்ராத்தோ வேண்டும். அவள் தாளில்தான் வலன்ரைனின் தாளும் தொங்குகிறது. உடைக்கமாட்டேன் என்று சொன்னால் இருவருக்கும் இந்த நாட்டில் நிற்க இடமில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் விசயம் அவிழ்ந்தது. வலன்ரைன் மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து காலை நீட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்சேரப்பா, நூறு வருசத்துக்கு முந்திச் செத்தவன் இனியென்ன சாகவோ போறான்? பையிலை போட்டுக் குடுத்திட்டு வாரும். எங்களுக்குத் தாள் வேணும்."

"உடைக்கச் சொல்லுறா."

"சுத்தியல் இல்லையெண்டு சொல்லும். முழுசாப் போடும்."

கனகேஸ்வரிக்கு ரெலிபோனில் சொன்னபோது அவள் முதலில் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள். பிறகு வெடித்தது.

"எடி பாவி! எந்தப் பேயிட்டையடி என்ர பதினேழு சீட்டையும் குடுத்தனீ? ஒன்பது வருசம் சாவுத் துடக்கோடை என்ர வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிச்சனியே! அதுவும் ஒரு காப்பிலியின்ரை தலை!"

"கனகக்கா, போன மாதம் பஸ்ஸிலை அந்த வெள்ளைக் கிழவி உங்கடை நிறத்தைப் பாத்து என்னெண்டு சொன்னவ?"

"அது வேறை."

"என்ன வேறை? நீங்கள் மூண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தனீங்கள்."

கனகேஸ்வரி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

கிளறாவுக்குக் கோபம் அடங்கவில்லை. யார்மேல் கோபம் என்றும் முதலில் தெரியவில்லை. அடித்தவன் செத்துப் பல வருசம். தலையை வெட்டி எடுத்தவன் சட்டம் போட்ட படத்தில் பதக்கங்களோடு சாப்பாட்டறையில் தொங்குகிறான், அவனையும் அவள்தான் துடைக்கிறாள். சிஞ்ஞோராவின் சிரிப்பு திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. ஆனால் கிளறாவைத் தூங்கவிடாதது சிரிப்புமில்லை. அந்த இலக்கம். மன்னார் ரவுணில் கட்டிடத்துக்குக் கிடங்கு வெட்டினபோது எலும்பு எலும்பாக வந்ததே, அப்போது அம்மா நாள் தவறாமல் போய் வேலிக்கு வெளியே நின்றாள். யுத்த நேரத்தில் சின்னண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்ப் பத்து வருசமாகியிருந்தது. ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் இலக்கம். இதில் எதடி என்ர பிள்ளை என்று அம்மா ரெலிபோனில் கேட்டாள். வாசலில் இரண்டு நாள் நின்ற தாயைப் பற்றிக் கொப்பியில் ஒரு வரி எழுத அந்த வைத்தியனுக்கு நேரம் இருந்திருக்கிறது. உடலைக் கொடுக்கத்தான் மனம் இருக்கவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்கு உமாசுதன் கடையைத் திறக்கும்போதே கிளறா வாசலில் நின்றாள். பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் பணம் அனுப்புகிற, போட்டோக்கொப்பி எடுக்கிற கடை. பலெர்மோவில் எந்தத் தமிழர் செத்தாலும் மரண அறிவித்தல் உமாசுதனின் கொம்பியூட்டரில்தான் பிறக்கும். இந்த ஊர் இத்தாலியரும் அப்படித்தான். சாவு விழுந்த வீட்டு வாசலில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒட்டுவார்கள், தெருவே நின்று வாசிக்கும். சாவைச் சுவரில் ஒட்டுவதில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பேதமும் இல்லை.

"ஆரக்கா காலமானது?" உமாசுதன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டான். அது அவனுடைய தொழில் முகம்.

"பேர் தெரியாது, தம்பி."

"படம்?"

"இல்லை. இடத்தை வெறுமையா விடு."

"விளக்குப் போடுறதோ, சிலுவை போடுறதோ?"

"ரெண்டும் வேண்டாம். அந்தாள் என்னத்தைக் கும்பிட்டுதெண்டு எனக்கென்ன தெரியும்?"

உமாசுதன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். கிளறா முழுவதையும் சொன்னாள். அவன் கேட்டு முடித்து, கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். தமிழில் ஒன்று, இத்தாலியனில் ஒன்று. வழக்கமான அறிவித்தலின் சொற்களையே எடுத்தான், ஏனென்றால் அவனுக்கு வேறு சொற்கள் தெரியாது.

*மரண அறிவித்தல். எரித்திரியா, காஷ் ஆற்றங்கரையைப் பிறப்பிடமாகவும், பலெர்மோ, கால்சாவை வதிவிடமாகவும் கொண்ட, பெயர் எழுதி வைக்கப்படாத குனாமா இளைஞர், 1898ஆம் ஆண்டு, சுமை தூக்க மறுத்தமைக்காக இத்தாலியப் படையினரால் நாற்பது கசையடி கொடுக்கப்பட்டு மூன்றாம் நாள் காலமானார். அன்னார், இரண்டு நாள் வாசலில் நின்று உடலைக் கேட்ட தாயின் அன்பு மகனாவார். அன்னாரின் தலை இக்கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் உள்ளது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.*

"கிளறாக்கா, வதிவிடம் எண்டு போடலாமோ?"

"எங்கள் எல்லாரையும் விடக் கூடக் காலம் இந்த ஊரிலை இருந்த ஆள். போடு."

ஒன்பது மணிக்குக் கிளறா சிஞ்ஞோரா வீட்டுக் கட்டிடத்தின் பெரிய மரக் கதவில் இத்தாலியன் தாளை ஒட்டினாள். நாலு மூலையும் இழுத்து, சுருக்கமில்லாமல், சிஞ்ஞோராவின் யன்னல்களைத் துடைக்கிற அதே கவனத்தோடு. பிறகு மூன்று மாடியும் ஏறிப்போய் ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். வேலை நேரம் வேலை நேரம்தான்.

முதலில் வந்தவள் இரண்டாம் மாடி பீனா. அந்தக் கட்டிடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவர்களுக்கு முதலே பீனாவுக்குத் தெரிந்துவிடும். இந்தச் சாவு தனக்குத் தெரியாமல் நடந்தது அவளுக்குப் பெரிய அவமானம். கறுப்புக் கரையைக் கண்டதும் மூக்குக் கண்ணாடி எடுக்கக்கூட நிற்கவில்லை. சாவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்களே, கோப்பியைப் போட்டு, சீனிப் போத்தலையும் தூக்கிக்கொண்டு, கறுப்புச் சால்வையோடு வந்து நின்றாள்.

"ஒர்தென்சியா, கொந்தொலியன்ஸே! என்ர அனுதாபம்! ஆர் போனது?"

இரவு உடுப்போடு நின்ற சிஞ்ஞோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் தலைமயிர் வெட்டுகிற கடைக்காரன் கையை நீட்டிக்கொண்டு வந்தான். அவன் பின்னால் மூலைக் கடை மீன்காரனும் மனைவியும். அவர்கள் வாசித்திருந்தார்கள், ஆனாலும் கை கொடுத்து, கீழே கதவில் ஒட்டியிருந்ததைச் சிஞ்ஞோராவுக்குச் சொன்னார்கள். வீட்டில் ஒரு தலை இருக்கிறது, அதற்கு ஒரு சாவு இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் வேறென்ன செய்வது?

"எப்பிடிச் செத்தவர்?" பீனா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"வருத்தம்... பழைய காலத்துக் காய்ச்சல் வருத்தம்" என்றாள் சிஞ்ஞோரா.

"வருத்தமில்லை" என்றாள் கிளறா, குசினி வாசலில் நின்று.

எல்லோரும் திரும்பினார்கள். சிஞ்ஞோராவின் கண் கிளறாவின் முகத்தில் நின்றது. கதவில் தாள் எப்படி வந்தது என்று அந்தக் கணத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

"அறிவியலுக்காகக் கொண்டு வந்தது" என்று சிஞ்ஞோரா மற்றவர்களிடம் சொன்னாள். "அந்தக் காலம் அப்பிடி. எங்கடை ஆக்கள் அங்கை றோட்டுப் போட்டவை, ஆஸ்பத்திரி கட்டினவை."

"எங்கடை ஊருக்கு வெள்ளைக்காரன் றெயில் போட்டவன், சிஞ்ஞோரா. அதுக்காக ஒருத்தற்ரை தலையைக் கொண்டு போய் வைக்கலாமோ? பீனா எப்பிடிச் செத்தவரெண்டு கேக்கிறா. கொப்பியிலை கிடக்கு. வாசியுங்கோ."

சிஞ்ஞோரா வாசிக்கவில்லை. ஆனால் வந்தவர்கள் விடவில்லை. புதிதாக வந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்து, அதே கேள்வியைக் கேட்டார்கள். சாவீட்டில் கேட்கிற கேள்வி அது ஒன்றுதான். நாலாவது ஆளுக்கு சிஞ்ஞோரா "அடிச்சவை" என்றாள். ஆறாவது ஆளுக்கு "நாற்பது அடி" என்றாள். பீனாவின் கோப்பி ஆறிப்போய் மேசையில் இருந்தது.

பதினொரு மணிக்கு, உமாசுதன் சொல்லி, நம்மவர்கள் வந்தார்கள். நாலு பெண்கள், முன்னால் கனகேஸ்வரி, தலை முழுகி ஈரக் கொண்டையோடு. தன் சீட்டுகளை எடுக்கத்தான் வந்ததாகப் பிறகு சொன்னாள். நம்புகிறவர்கள் நம்பலாம். படிப்பறையில் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தவள் சீட்டைத் தொடவே இல்லை.

கடைசியாக வந்தவள் அல்மாஸ். பல்லாரோவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற எரித்திரியாக்காரி. உமாசுதன் கடையில் காசு அனுப்ப வந்த இடத்தில் தாளின் மிச்சப் பிரதியைப் பார்த்திருக்கிறாள். அவள் யாருக்கும் கை கொடுக்கவில்லை. நேரே பெட்டியிடம் போனாள், பார்த்தாள், வெல்வெட்டின் கீழிருந்து நீட்டிக்கொண்டிருந்த கடதாசிகளைக் கண்டாள்.

"இது என்ன?"

கிளறா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். "நான் புனிதரெண்டு நினைச்சன். நேர்த்தி வைச்சனாங்கள்."

"இவரிட்டை என்ன கேட்டனீங்கள்?"

"லைசென்ஸ்."

அல்மாஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சுமை தூக்கமாட்டன் எண்டு செத்தவரிட்டை, உங்கடை சுமையெல்லாம் குடுத்திருக்கிறீங்கள்."

கிளறா எவ்வளவோ பேச்சு வாங்கியிருக்கிறாள். எதுவும் இப்படிப் போய்ப் படவில்லை. குனிந்து சீட்டுகளை ஒவ்வொன்றாக உருவி ஏப்ரன் பைக்குள் போட்டாள். கனகேஸ்வரி கூட அது என்னுடையது என்று கை நீட்டவில்லை.

"நான் குனாமா இல்லை" என்றாள் அல்மாஸ், இப்போது எல்லோருக்கும் கேட்க. "என்ர ஆக்களும் அவையளை மனுசரா மதிக்கேல்லை, அதையும் சொல்லத்தான் வேணும். மிலானோவிலை ஒரு குடும்பத்தைத் தெரியும். ரெலிபோன் எடுத்தனான். வருகினம். இவரை என்ன செய்யிறதெண்டு அவை சொல்லுவினம். பல்கலைக்கழகமோ பொலிசோ பாதிரியோ இல்லை, அவை. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடவேண்டாம்." கிளறாவைப் பார்த்தாள். "நீங்களும்தான்."

"நாளைக்கு வீடு பார்க்க ஆக்கள் வருகினம்!" என்றாள் சிஞ்ஞோரா.

"வரட்டும்" என்று அல்மாஸ் கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நானும் இருப்பன்."

சிஞ்ஞோரா கிளறாவின் கையைப் பிடித்துச் சாப்பாட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பதக்கப் படத்துக்குக் கீழே நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு, திங்கட்கிழமை வரவேண்டாம் என்றாள்.

கிளறாவுக்கு மனதில் வலன்ரைனின் முகம் வந்தது, பெர்மெஸ்ஸோ வந்தது, கடைசியில் கோபம்தான் வந்து நின்றது.

"சரி, சிஞ்ஞோரா. எழுதித் தாங்கோ. ஏன் நிப்பாட்டுறீங்கள் எண்டும் எழுதோணும்."

"எழுதுறன்! ஏன் எழுதமாட்டன்?"

மேசை லாச்சியிலிருந்து தாள் எடுத்தாள். திகதி எழுதினாள். கிளறாவின் முழுப் பெயரைக் கேட்டு, ஒன்பது வருசத்தில் முதல் தரமாக, எழுத்தெழுத்தாக எழுதினாள். பின்வரும் காரணத்தால், என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தாள். அங்கே பேனை நின்றது; உடைக்கச் சொன்னதை எழுதாமல் எழுத ஒரு காரணமும் இல்லை. பீனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, சிஞ்ஞோராவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"சொல்லட்டோ, சிஞ்ஞோரா?" என்றாள் கிளறா. "நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கோ."